பிரிவுக்குப் பொறுப்பாளி யார்?

காதலின் படிநிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில் தொடுத்துக் கூறுவது மேனாட்டுப் பொப் இசையின் கண்டுபிடிப்பு என்று நம் மாணவருள் சிலர் எண்ணுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருவழியிலுள்ள திகனக் கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும் தோட்டத்து இளைஞனுக்கு, அமெரிக்கப் பாடகி பியோன்சேயின் குரல் கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. அவன் பாட்டனார் ஆடிய கூத்து கிடைப்பதில்லை.

பியோன்சேயின் 'லெமனேட்' 2016 ஏப்ரலில் வெளிவந்தது. பாடல்கள் 12, அவற்றோடு வந்த திரைப்படம் 11 பகுதிகளாக வகுக்கப்பட்டது. கணவனின் துரோகத்தை மனைவி உள்ளுணர்வால் அறிகிறாள், நம்ப மறுக்கிறாள், சினக்கிறாள், வெறுமையில் ஆழ்கிறாள். ஆறாவது பகுதிக்குப் 'பொறுப்பேற்றல்' என்று பெயர். அதன் பின்னரே மன்னிப்பும் மீட்சியும் வருகின்றன. இந்த வரிசையை நாம் மதிக்கிறோம். தவறு செய்தவன் பொறுப்பேற்காமல் மன்னிப்பு இல்லை என்பது சிறிய உண்மையன்று.

எனினும் ஒரு வினா எழுகிறது. காதல் முறிவதற்கான காரணம் எப்பொழுதும் அவ்விருவர் நெஞ்சுக்குள்தானா இருக்கிறது?

நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. வள்ளுவர் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கண்டதும் மயங்கியதும் முதல் ஊடிக் கூடியது வரை வரிசைப்படுத்தினார். தொல்காப்பியரோ பிரிவுக்குக் காரணங்களையே வகுத்தார்: கல்வி, பகை, தூது, பொருள். இவற்றுள் ஒன்றேனும் மனக்கசப்பு அன்று. அனைத்தும் வீட்டுக்கு வெளியே நின்று கதவைத் தட்டுபவை. பரத்தையிற் பிரிவும் உண்டே என வாசகர் கேட்கலாம். உண்டு, அதைப் பற்றிப் பின்னர்.

மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தும் இத்தகைய ஒரு தொடர்பாட்டே. ரதிக்கும் மன்மதனுக்கும் மணம் நிகழ்கிறது. மணக்கோலம் கலையுமுன் மேலிடத்து ஆணை வருகிறது: சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டும். போகாதே என்று ரதி தடுக்கிறாள். தீய கனவு கண்டதாகக் கூறி மன்றாடுகிறாள். அவன் போகிறான், எரிகிறான். அவள் புலம்பல் கேட்டு லயத்துப் பெண்கள் தம் சொந்தச் சாவுகளுக்கும் சேர்த்து அழுகின்றனர். பின்னர் அவன் உயிர் பெற்றாலும், புராணத்தின்படி, ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். இங்கே காதலர் இருவரும் குற்றமற்றவர்கள். அனுப்பியவர்கள் பெரியவர்கள், எரிந்தவன் ஏவலாள். துரையின் ஆணைக்குக் காடழிக்கப் போய்த் திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இக்கதை ஏன் இத்துணை நெருக்கமாயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை.

வரலாறும் அக்கூத்தையே திரும்ப ஆடியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஒரே மலையில் கொழுந்து பறித்த இருவரில் ஒருவர் பெயர் ஒரு பட்டியலிலும் மற்றவர் பெயர் மறு பட்டியலிலும் விழுந்தால், தலைமன்னார்த் துறையில் முறிந்த அந்தக் காதலுக்கு எந்த நெஞ்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? அதை ஐயம், சினம், மன்னிப்பு என்ற வரிசையில் வைத்துப் பாட முடியுமா?

இதுவரை நம் வாதம் நமக்கே இனிக்கிறது. முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் 'சமுதாயமே குற்றவாளி' என்று தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போகப் பழகியவர்கள். இந்த இடத்தில்தான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்துப் பெண் நாளெல்லாம் கொழுந்து பறித்தாள். அவள் கூலியைப் பல தோட்டங்களில் நெடுங்காலம் கணவனே கைநீட்டி வாங்கினான். அதில் ஒரு பங்கு கள்ளுக்கும் சாராயத்துக்கும் போயிற்று. இரவில் அவளை அடித்த கை துரையின் கை அன்று. வறுமை அவனைக் குடிக்க வைத்தது என்பது உண்மையாகலாம். அதே வறுமையில் அவளும் இருந்தாள் என்பதும் உண்மை. பரத்தையிற் பிரிவுக்கு நம் இலக்கணம் வகுத்த வழி என்ன? அவள் ஊடலாம், வாயில்கள் தூது வரும், இறுதியில் அவள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பொறுப்பேற்றல் என்றொரு துறை அதில் இல்லை. ஈராயிரம் ஆண்டு அகமரபு எழுதாது விட்ட அதிகாரத்தை ஒரு பொப் தொகுப்பு எழுதியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை.

அத்தொகுப்பும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு நிற்கவில்லை. அதன் திரைப்படத்தில், கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்களான டிரேவன் மார்ட்டின், மைக்கல் பிரவுன், எரிக் கார்னர் ஆகியோரின் அன்னையர் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்திருக்கின்றனர். கணவனைக் கேள்வி கேட்ட அதே குரல் நாட்டையும் கேள்வி கேட்கிறது. ஒன்றைக் கேட்பதற்காக மற்றொன்றை அது விட்டுவிடவில்லை.

இன்று மலையகத்தில் பிரிவின் திசையே மாறிவிட்டது. கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்றார் தொல்காப்பியர். இன்றோ கடல் கடப்பவள் அவளே. ரியாத்திலும் குவைத்திலும் அயலார் வீட்டைக் கூட்டித் துடைக்கிறாள். கணவனும் பிள்ளைகளும் லயத்தில் இருக்கின்றனர். பொருள்வயிற் பிரிந்த தலைவி அவள். வாழ முடியாத கூலியைக் கொடுத்து அவளை அனுப்பியது யார் என்பது ஒரு கணக்கு. மாதந்தோறும் அவள் அனுப்பும் பணம் எங்கே போயிற்று என்பது மற்றொரு கணக்கு. முதற் கணக்கைக் கேட்கச் சங்கங்கள் இருக்கின்றன. இரண்டாவதை, ஒப்பந்தம் முடிந்து விமான நிலையத்தில் இறங்குகிறபோது, அவள் தனியாகவே கேட்க வேண்டியிருக்கிறது.