முதுமையும் புகலும்

பயன் உள்ளவரை பேணிப் பின் கைவிடுவது அன்பாகுமோ? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மட்வில் என்னும் காப்பகம், ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன நாய்களையே மீட்டுப் புதிய இல்லங்களில் சேர்ப்பிக்கிறது. முதிர்ந்த நாய் கண் மங்கி, மூட்டுத் தளர்ந்திருக்கலாம். எஞ்சியவை சில ஆண்டுகளே. பிரிவுத் துயரும் விரைவில் வரும். இவற்றை அறிந்தே ஏற்பவரும் உளர்.

மகாபாரதத்தின் இறுதியில், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விடுத்துத் தேரேறுமாறு இந்திரன் பணித்தபோது, அடைந்தாரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாவென மறுத்தார் தருமபுத்திரர். அது தருமதேவதை என்பது பின்னரே வெளிப்பட்டது. அவர் மறுத்ததோ, நாயென்றே கருதிய பொழுதில். ஆதலின் புகலளிப்போர் நோக்கத்தக்கது வந்த உயிரின் தகுதியன்று, அதன் புகலின்மையே. எஞ்சிய நாள் குறைவென்பது, மறுப்பதற்கன்று, விரைந்து ஏற்பதற்கே காரணமாகும்.