தலைப்பாகையும் யோகமும்





யோகம் என்றதும் பாய் விரித்து உடம்பை வளைப்பதுதான் இன்று நினைவுக்கு வருகிறது. 2015 முதல் ஜூன் 21-ஐ உலக யோகா நாள் என்று கொண்டாடுகிறார்கள். உடம்புக்கு நல்லதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னே இயமம், நியமம் என்று இரண்டு படிகள். கொல்லாமை, பொய்யாமை, தூய்மை, தவம் எல்லாம் அங்கேதான். அந்த முனிவர் கூத்தனின் ஆடலைக் கண்டதாகச் சொல்லப்படும் சிதம்பரம் நெல்லிக்குப்பத்துக்குத் தொலைவில்லை.

அய்யா வைகுண்டர் அந்த முதல் இரண்டு படிகளை ஏழைகளின் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தார். கொல்லம் 1008 மாசி 20-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளியவர், சுவாமிதோப்பில் ஆறு வருடம் தவம் இருந்தார். பிறகு வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசு இருக்கச் சொன்னார். குகைக்குப் போகவில்லை, குடும்பத்தைத் துறக்கவில்லை. பெண்டு பிள்ளைகளோடு கடற்கரையிலேயே இருந்தார்கள். தினம் மூன்று வேளை குளியல், துணி துவைத்தல். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி ஒரு வேளை சாப்பாடு. அசுத்தம் என்று ஊரார் ஒதுக்கி வைத்த மக்கள் அவர்கள்! நியமத்தில் தூய்மையும் தவமும் எங்கே இருக்கின்றன என்று கேட்பவருக்கு இந்தக் கடற்கரையைக் காட்டலாம்.

ஆசனத்தில் முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும் என்பார்கள். அன்றைய திருவிதாங்கூரில் அந்த மக்கள் மேல்சாதியார் முன் தலையில் துணி கட்டக் கூடாது, விலகிக் குனிந்து நிற்க வேண்டும். அய்யாவோ தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். காலமெல்லாம் வளைந்து கிடந்த முதுகு அன்றுதான் நிமிர்ந்தது. பள்ளியறையில் உருவச்சிலை இல்லை, கண்ணாடிதான். தலைப்பாகையும் திருநாமமுமாக நிற்கும் தன்னையே அதில் பார்த்து, உள்ளே இருக்கும் அய்யாவை உணர வேண்டும். பக்கத்தில் நிற்பவனும் அதே கண்ணாடியில்தான் தெரிகிறான்.

வடலூரிலும் 1867-ல் முதலில் வந்தது தருமசாலை. ஜோதி காட்டும் ஞானசபை 1872-ல்தான். சோறு முந்தி, தியானம் பிந்தி என்று வள்ளலாரும் நடத்திக் காட்டினார்.

இந்த ஞாயிறு தாங்கலுக்கு வரும்போது தலைப்பாகையை அவசரமாகச் சுற்றாமல் நிதானமாகக் கட்டுங்கள். உச்சிப்படிப்பு முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். கரும்பு வெட்டிவிட்டுக் களைப்போடு வந்தவர் அன்னதர்ம வரிசையில் கடைசியில் நிற்பார். அவரை முன்னால் விட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.