கிளம்ப யாரைக் கேட்க வேண்டும்?

பிள்ளை இறந்தால் ஊர் முதலில் கேட்பது, “பெத்தவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா?” ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது, “காலையில பாப்போம்” என்றவர்களை யாரும் கேட்பதில்லை. பொறுப்பு அவளுக்கு, முடிவு மற்றவர்களுக்கு என்ற இந்தப் பங்கீடு நியாயமா?

மலேரியாவையே எடுத்துக்கொள்கிறேன். பால்சிபாரம் வகை தொற்றினால், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் உயிருக்கு ஆபத்தாக முற்றலாம். புதுக்கோட்டையில் இன்று அது அரிது. ஆனால் ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் போய்த் திரும்புகிறவர்களுடன் வரலாம். அரிது என்பதாலேயே சாதாரணக் காய்ச்சல் என்று தள்ளிப்போடவும் தோன்றும்.

முற்றினால் பிள்ளை பால் குடிக்காது, குடித்ததெல்லாம் வாந்தியாகும். உட்கார முடியாமல் துவளும்; கூப்பிட்டால் கண் திறக்காது; வலிப்பு வரும். மூச்சு வேகமாகவோ ஆழமாகவோ இழுக்கும். உள்ளங்கையும் கீழிமையின் உட்புறமும் வெளுக்கும். கண் மஞ்சளாகலாம், சிறுநீர் கறுக்கலாம். காய்ச்சலோடு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெளியூர் போய்வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் முதலில் யார் கண்ணில் படும்? பாலூட்டி, இடுப்பில் சுமந்து, துணி அலசுகிறவள் கண்ணில்தான். “பிள்ளை முகமே சரியில்ல” என்று அவள் சொல்வது நோயைப் பற்றிய தகவல். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பதற்றம்.

வலிப்பைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. தான்சானியாவிலும் வலிப்பை ‘டெகெடெகே’ என்று சொல்லி, ஆவி பிடித்ததாக நம்புகிறவர்கள் உண்டு. இதைத் தாயின் அறியாமை என்று மட்டும் சொல்லி முடிப்பதை நான் ஏற்கவில்லை. எங்கே தூக்கிப்போவது என்று தீர்மானிக்கும் இடத்தில் பல வீடுகளில் அவள் இல்லை.

அவள் கணிப்பு தவறினால்? ஒரு ராத்திரி அலைச்சல், கொஞ்சம் பணம் போகும். காத்திருக்கச் சொன்னவர் கணிப்பு தவறினால் பிள்ளையே போய்விடும். இரண்டு தவறும் ஒரே எடை அல்ல.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தது. தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, கிளம்பவும் முடிய வேண்டும் என்பதே அதில் நான் காணும் பாடம். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸும் இருக்கிறது. அழைக்கக் காசு வேண்டாம். யாரையும் கேட்காமல் அதை அழைத்தவளிடம், பிள்ளை பிழைத்து வீடு திரும்பிய பிறகு என்ன பேசப்போகிறோம்?