படம் தாழ்ந்த நேரம்

படம் தாழ்ந்ததுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. பாம்பு வந்ததும் பிடிபட்டதும் அல்ல. செங்கல்பட்டுப் பக்கம் ஏரியை ஒட்டி வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு மழைக்காலத்தில் பாம்பு வருவது ஒரு செய்தியே இல்லை. எங்கள் பின்கட்டில், அரிசி மூட்டைக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே, ஒரு நல்லபாம்பு சுருண்டு கிடந்தது. எலி தேடி வந்திருக்கும். வீட்டில் இருந்தவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டுப் பாம்பு பிடிப்பவருக்குப் போன் செய்தேன். "கிட்டப் போவாதீங்கம்மா. ஆனா கண்ண மட்டும் எடுத்துடாதீங்க. எங்க பூந்துச்சுன்னு தெரியலன்னா அப்புறம் கஷ்டம்" என்றார். அதனால் நிலைப்படிக்கு இந்தப் பக்கம், எட்டத்தில், ஓடுவதற்கு வழி வைத்துக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முக்காலி தரையில் உரசியதும் அது எழுந்தது. படம் விரிந்தது. அதற்குப் பிறகு நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. என் மூச்சு எனக்கே கேட்டது. பிறகு ஒரு கட்டத்தில், வெளியே எதுவும் மாறாமலே, அந்தப் படம் மெல்லச் சுருங்கியது. அகன்றிருந்த கழுத்து ஒடுங்கியது. தலை இறங்கித் தன் சுருளின் மேலேயே படிந்தது. நான் அதே இடத்தில்தான் இருந்தேன். நான் இருப்பது அதற்குத் தெரியும். தெரிந்தே தலையைத் தாழ்த்தியது.

பிடிப்பவர் வந்தார், பிடித்தார், துணிப்பையில் போட்டுக் கட்டினார், போய்விட்டார். வேலை அவ்வளவுதான். எனக்கு மட்டும் அது முடியவில்லை.

படம் எப்படி விரிகிறது என்பது தெரிந்த விஷயம். கழுத்துப் பகுதியின் விலா எலும்புகள் நீளமானவை. மிரட்டப்படும்போது பாம்பு அவற்றைப் பக்கவாட்டில் விரிக்கிறது. தோல் இழுபட்டு அகலமாகிறது. கடிப்பதற்கு முன்னால் அது கொடுக்கும் எச்சரிக்கை அது. மிரட்டல் விலகியதும் தசைகள் தளர்கின்றன, விலா எலும்புகள் மடங்குகின்றன. எவ்வளவு நேரம்தான் விரித்தே வைத்திருக்க முடியும்? அதற்கும் களைக்கும். கண்ணைப் பற்றியும் நான் எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின்மேல் ஒரு கண்ணாடிச் செதில் இருக்கிறது. தூங்கும்போதும் அது திறந்த கண்ணோடுதான் இருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டே தலை சாய்த்தது என்று நான் நினைப்பதற்கு அந்தச் செதிலைத் தவிரச் சாட்சி இல்லை.

இதெல்லாம் சரி. ஆனாலும் அந்தத் தலை இறங்கிய கணத்தில் எனக்குள்ளும் ஏதோ ஒன்று இறங்கியது. அதற்கு மறுமொழி என்று பெயர் வைக்கலாமா என்பதுதான் என் தொல்லை.

பாம்போடு எனக்கு உறவு பாட்டி ஊரில் தொடங்கியது. திண்டிவனத்துக்கு மேற்கே, வேப்பமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். மஞ்சள், குங்குமம், ஒரு சொம்பு பால், முட்டை. புற்றைக் கட்டியது கறையான் என்பதும், பாம்பு அதில் குடிவந்தது என்பதும், பாம்பின் உணவு பால் அல்ல என்பதும் பள்ளிக்கூடத்தில் பின்னால் படித்தவை. அன்றைக்குப் புற்றின் வாயில் பால் இறங்கும் சத்தம் மட்டும் போதுமானதாக இருந்தது. உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

ஒரு மழைக்கால இரவில் மாட்டுக்கொட்டகைக்குள் நல்லபாம்பு வந்துவிட்டது. பெரியப்பா தடியால் அடித்தார். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அடி விழும் வரை படம் விரிந்தேதான் இருந்தது. காலையில் அதே பெரியப்பா குளித்துவிட்டு வந்து, கொல்லையில் குழி தோண்டி, பாம்பைக் கிடத்தி, அதன்மேல் ஒரு காசு வைத்து, பால் ஊற்றி மூடினார். அடித்த கையும் பால் ஊற்றிய கையும் ஒன்றே. எனக்கு அது பொறுக்கவில்லை. "சாமின்னா ஏன் ஆயா அடிச்சாரு?" என்று கேட்டேன். "புள்ளைங்க படுக்கிற எடம்டி. வந்தா அடிக்கத்தான் வேணும். அடிச்சுட்டதால அது சாமி இல்லன்னு ஆயிடுமா?" என்றாள்.

இந்தப் பதிலை வளர்ந்தபின் நான் எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். குற்ற உணர்வைக் கழுவும் சடங்கு என்று ஒரு காலத்தில் தீர்த்துவைத்தேன். இப்போது அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. நாகர்கோவில் நாகராஜா கோவிலின் தலக்கதையில், புல் அறுக்கும் பெண்ணின் அரிவாள் தெரியாமல் நாகத்தின் தலையில் பட்டு ரத்தம் வருகிறது. ஊர் கூடுகிறது, வழிபாடு தொடங்குகிறது. இன்றும் அங்கே மூலவரின் மேல் ஓலைக்கூரைதான். மூலவர் இருக்கும் இடத்து ஈர மண்தான் பிரசாதம். ஒரு காயத்திலிருந்து பிறந்த கோவில். நம்மவர்களுக்குப் பாம்போடு உள்ள உறவில் அடியும் வணக்கமும் எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன. நான்தான் ஒன்றை விலக்கி இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

அப்பூதியடிகள் கதையும் இந்த நாட்களில் அடிக்கடி வந்து போகிறது. பெரியபுராணத்தை முறையாகக் கற்றவள் இல்லை நான். கோவில் பிரசங்கங்களில் கேட்டதும் உரைநடையில் வாசித்ததும் கலந்து நிற்கின்றன. திங்களூரில் அப்பூதியடிகள் வீட்டுக்கு அப்பர் விருந்துக்கு வந்திருக்கிறார். வாழையிலை அரிந்துவர மூத்த மகன் தோட்டத்துக்குப் போகிறான். கையில் பாம்பு தீண்டுகிறது. பையன் பாம்பை உதறிவிட்டு, விஷம் ஏறுவதற்குள் இலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடுகிறான். அம்மாவின் கையில் இலையைக் கொடுத்துவிட்டு விழுகிறான். பெற்றோர் உடலை மறைத்துவைத்துவிட்டு விருந்து படைக்கத் தயாராகிறார்கள். அப்பர் அறிந்துகொண்டு, பதிகம் பாடி, பையனை எழுப்புகிறார். சிறுவயதில் இந்தக் கதையில் அழுதது பையனுக்காக. இப்போது என் கேள்வி வேறு. அந்தப் பாம்பு என்ன ஆயிற்று? உதறப்பட்டபின் அது கதையிலேயே இல்லை. அது வந்தது ஒரு பக்தியைச் சோதிப்பதற்காக. சோதனை முடிந்ததும் அதற்கு வேலை இல்லை.

யோசித்தால் எல்லா இடத்திலும் இதேதான் நடக்கிறது. சிவன் கழுத்தில் அது அணி. பெருமாளுக்குப் படுக்கை. அரசமரத்தடியில் பிள்ளை வரம் கேட்டுக் கல்லில் வடித்துவைத்தால் அது வேண்டுதல். மருதமலையில் குகை காட்டுகிறார்களே, அந்தப் பாம்பாட்டிச் சித்தரைப் பற்றிச் சொல்லப்படும் கதையில், காட்டில் பாம்பு தேடித் திரிந்தவரைச் சட்டைமுனி நிறுத்தி, உண்மையான பாம்பு உன் உடம்புக்குள் இருக்கிறது, அதை ஆட்டு என்கிறார். குண்டலினி என்ற பெரிய தரிசனம் அது. குறைசொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் அந்தப் பாம்புக்குப் பசி கிடையாது. அது எலி தேடி அரிசி மூட்டைக்கு வராது. மிதித்தால் கடிக்காது. புதர்ப் பாம்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே இருக்கும் பாம்பிடம் போக முடியுமா? என் பின்கட்டில் படத்தைத் தாழ்த்தியது எந்தத் தத்துவத்துக்கும் உருவகம் இல்லை. ஈரத் தரையில் கிடந்த ஒரு உயிர். அதோடுதான் எனக்குப் பேச்சு.

பாம்பைப் பாம்பாகவே அறிந்தவர்கள் யார் என்று கேட்டால், எங்கள் வட்டாரத்தில் பதில் இருளர்கள். தடம் பார்த்து, கழிவு பார்த்து, வளைக்குள் இருப்பது என்ன பாம்பு என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978ல், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் உடன் நிற்க, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இருக்கிறது அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரம் பானைகளில் வைத்திருந்து, விஷம் எடுக்கிறார்கள். பிறகு அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டிலேயே திருப்பி விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து எதிர்மருந்து எடுக்கப்படுகிறது. அரசு மருத்துவமனையில் பாம்பு கடித்தவருக்கு ஏற்றும் அந்த மருந்தின் தொடக்கம் ஒரு இருளரின் கை. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி பெரிது.

இருளர்களின் தெய்வம் கன்னியம்மா. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் அவளை வைத்து வணங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவரும் இருளர்தான். பையைக் கட்டி முடித்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன், என்னைப் பார்த்துப் படத்தை இறக்கியதே, ஏன் என்று.

"நீங்க ஆடாம இருந்தீங்க, அதான் அதுவும் அமைதியாயிடுச்சு."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயம் இருக்கணும்மா. பயம் போச்சுன்னா அன்னைக்கே கடி வாங்கிடுவோம்."

ஆன்மிகம் என்றால் பயம் போவது என்றே நான் கேட்டு வளர்ந்தவள். எல்லாப் பிரசங்கமும் அங்கேதான் போய் நிற்கும். இவர் பயத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நல்ல கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்வதுபோல, அவர் பயத்தைப் பராமரிக்கிறார். அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நடந்ததை இப்போது திரும்பிப் பார்த்தால், படம் தாழ்ந்ததும் பயம் போகவில்லை. கால் கட்டைவிரல் வரை இருந்தது. ஆனால் அதுவரை பயத்துக்குள் நான் மட்டும் இருந்தேன். பிறகு அதற்குள் இன்னொரு உயிரும் இருந்தது. அதற்கும் பயம், அதனால்தானே படம் எடுத்தது. இரண்டு பயங்கள் ஒரே அறையில் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று சொன்னால் மிகையாகுமோ என்னவோ. நான் உணர்ந்தது அதுதான்.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போதே எனக்குள் ஒரு தடை எழுகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தார், பாதிப்பேர் மழைக்காலத்தில். ஆயா ஊரில் கூலிக்கு நாற்று நட வந்த ஒரு பெண் தரையில் படுத்திருந்து, விடிவதற்குள் இறந்துபோனாள். கட்டுவிரியன் என்றார்கள். அதன் கடி பெரிதாக வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. தூக்கத்திலேயே மூச்சு அடங்கும். கட்டிலும் கொசுவலையும் இருந்திருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். பாம்போடு உறவு கொண்டாட எனக்குச் சிமெண்டுத் தரையும், உயரமான கட்டிலும், கையில் போனும் இருக்கின்றன. அவளுக்கு என்ன இருந்தது? அவளைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசும் எந்த நெருக்கத்தையும் நான் நம்ப விரும்பவில்லை.

ஆயா அந்தச் சாவுக்குப் பிறகும் புற்றுக்குப் பால் ஊற்றினாள். கேட்கிறதா என்று தெரியாத ஒன்றிடம் பேசுவதைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கச் செய்தாள். சாமியிடமும் அப்படித்தான், புற்றிடமும் அப்படித்தான். பதில் வந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கோ ஒரு படம் தாழ்ந்தது. உடனே அதற்குப் பொருள் வேண்டும் என்று நிற்கிறேன். ஒருவேளை மறுமொழியை எதிர்பாராமல் மதிப்பதுதான் அவள் அறிந்த உறவோ? அப்படியானால் நான் இன்னும் அதன் பக்கத்திலேயே வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு அடுத்த காலிமனையில் வேலிக்காத்தான் புதருக்குள் ஒரு புற்று இருக்கிறது. மனைக்காரர் வீடு கட்டப்போகிறார். ஜேசிபி கொண்டுவந்து சமன்செய்ய எங்கள் பக்கத்துச் சுவரோரமாக வழி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கட்டுமான வேலைக்கு வருகிற குடும்பங்கள் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுக் குழந்தைகளோடு தரையில்தான் படுப்பார்கள். புற்றை விட்டுவையுங்கள் என்று நான் சொன்னால் அந்தக் குழந்தைகளுக்கு யார் பொறுப்பு? இடியுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. முதலில் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டு, உள்ளே ஏதாவது இருந்தால் பத்திரமாகப் பிடித்துக் காட்டில் விடச் சொல்லலாம். வருகிறவர்களுக்குக் கயிற்றுக்கட்டிலும் கொசுவலையும் வாங்கித் தரலாம். செய்யக்கூடியவை இவை, செய்யத்தான் போகிறேன். ஆனால் இடம் பெயர்த்த பாம்பு புது இடத்தில் எலியும் வளையும் தேடி அலையும், பலசமயம் பிழைக்காது என்கிறார்கள். அப்போது நான் காப்பாற்றியது அதையா, என் மனசாட்சியையா? மனைக்காரருக்கு இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.