கார்டு சொல்லும் சாட்சி

ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.யில் பழுதான கார்டைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகியதும் கன்ட்ரோலர் அதன் குலம் கோத்திரத்தை விசாரிக்கிறது. தயாரித்தவர் யார், என்ன வகை, கேட்டலாக் எண் எது, ரிவிஷன் என்ன? ஆலன்-பிராட்லியின் கன்ட்ரோல்லாஜிக்ஸில் இந்த விசாரணைக்கு மூன்று நிலைகள் உண்டு. 'எக்ஸாக்ட் மேட்ச்' வைத்தால் ரிவிஷனில் புள்ளிக்குப் பின்னுள்ள எண்கூட மாறக் கூடாது. 'டிஸேபிள்' வைத்தால் விசாரணையே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் 'கம்பாட்டிபிள்'. என்னை வெகுநாளாக உறுத்துவது இதுதான். பழையவன் இடத்தில் என்னால் இருக்க முடியும் என்று தீர்ப்பளிப்பது, வந்து சேர்ந்த புதிய கார்டே. கன்ட்ரோலர் அந்த வாக்கை ஏற்றுக்கொள்கிறது.

ஏற்கலாமா? காண்டல், கருதல், பிறர் சொல்லை ஏற்கும் உரை என்று, ஒன்றை அறிய சைவ சித்தாந்தம் மூன்று அளவைகளைச் சொல்லும். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் எங்கள் பிழைப்பு பெரும்பாலும் உரையில்தான் ஓடுகிறது. பாய்லருக்குள் எட்டிப் பார்த்தவர் எவருமில்லை. திரை சொல்வதைத்தான் கேட்கிறோம்.

ஷட்டவுன் முடியும் தறுவாயில் பயிற்சிக்கு வந்த பையன் கேட்டான்: "எல்லாம் பச்சையா இருக்கு சார், கையெழுத்துப் போட்டுடலாமா?"

பச்சை விளக்கு பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் கேட்ட கேள்வி எவ்வளவு சின்னது! வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் சென்சாருக்கான கார்டு ஒன்றின் சானல் 'கே' வகைக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. வெளியே குழாயில் இருப்பதோ 'ஜே' வகை என்று வையுங்கள். கேட்டலாக் எண் பொருந்தும், ரிவிஷன் பொருந்தும், ஒயரும் இறுக்கமாக இருக்கும். 'ஜே' ஒரு டிகிரிக்குக் கூடுதல் மில்லிவோல்ட் தருவதால், உள்ளே 200 டிகிரி இருக்கும்போது திரையில் ஏறக்குறைய 260 காட்டும். சாட்சிகள் ஒவ்வொருவரும் மெய்யே சொல்லியிருக்கிறார்கள், தீர்ப்பு மட்டும் பொய்.

புதிய கார்டு பழையதேதானா என்பதும் பழைய கேள்விதான். முன்னிரவில் எரிந்த சுடரும் பின்னிரவுச் சுடரும் ஒன்றா என்று பௌத்த நூலான 'மிலிந்த பன்ஹா'வில் பிக்கு நாகசேனர் மன்னனிடம் கேட்கிறார். அதுவே என்றும் சொல்ல முடியாது, வேறு என்றும் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த இடம். ஆனால் எங்கள் படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள்தான். பிக்குவுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் இல்லை.

டெர்மினலில் மில்லிவோல்ட் செலுத்திப் பார்த்தாலும் கார்டு மட்டுமே தேறும். சென்சாரின் வகை அப்போதும் தெரியாது. ஆகவே வெறும் பார்வைக்கான அளவீடுகளில் நான் கார்டின் வாக்கை ஏற்றுக்கொள்கிறேன். பாய்லரை டிரிப் செய்து நிறுத்தும் அளவீடுகளில் மட்டும் சென்சாரையே கழற்றி, சூடேற்றும் அளவுப்பெட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டிலும் கார்டு ஒன்றுதான். பொய்த்தால் அடிபடுகிறவர்கள்தான் வேறு.

பையன் விடவில்லை. "அந்தப் பெட்டி சரியா காட்டுதுன்னு எப்படி சார் நம்பறது?"

கேலிப்ரேஷன் சான்றிதழ் இருக்கிறது என்றேன். "அதுவும் ஒருத்தர் சொன்னதுதானே?" அதுவும் உரைதான். கார்டின் உரைக்கும் அதற்கும் நான் காணும் வேற்றுமை ஒன்றுதான்: சான்றிதழின் அடியில் ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார், தப்பானால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். இந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சென்சாரைக் கழற்ற ஸ்பானர் எடுத்துவரச் சொன்னேன்.