எதைப் பார்க்கப் புறப்பட்டாய்?

தியானப் பகுதி: மத்தேயு 11:7, மாற்கு 4:35-41



புயல் வருதுன்னு டிவியில் சொன்னால் நாம் என்ன செய்வோம்? ஜன்னலைச் சாத்துவோம். மெழுகுவர்த்தி வாங்கி வைப்போம். பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவோம். ஆனால் புயல் வருதுன்னு கேட்டவுடனே காரை எடுத்துக்கொண்டு, அது வருகிற திசையை நோக்கியே ஓட்டுகிற ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு. உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்க தேசத்தின் நடுவிலே டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா என்று கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரே சமவெளி. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று கீழே வரும். மேற்கேயிருந்து வறண்ட காற்று வரும். உயரத்திலே வேகமான காற்று வேறு திசையில் ஓடும். இவை சந்திக்கும்போது சில இடங்களில் மேகமே செக்கு மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். அதன் அடியிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒன்று தரைக்கு இறங்கும். அதுதான் டொர்னாடோ என்கிற சுழல்காற்று. அந்தத் தேசத்தில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,200 சுழல்காற்றுகள் உண்டாகின்றன.

இதைப் பார்ப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டுகிறார்கள். "புயல் துரத்துகிறவர்கள்" என்றே அவர்களுக்குப் பேர். 1996-ல் "ட்விஸ்டர்" என்கிற சினிமா வந்த பிறகு இந்த மோகம் இன்னும் பரவிற்று. பணம் கட்டினால் அழைத்துப்போய்க் காட்டுகிற சுற்றுலா கம்பெனிகளும் உண்டு.

"பைத்தியக்கார ஜனங்கள்!" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடாதிருங்கள். அந்தப் பைத்தியம் இதை எழுதுகிறவனுக்கும் இருந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

1. சிலிர்ப்பை வைத்தவர் தேவனே

ஒருவன் எப்படிப் புயலைத் துரத்துகிறவனாகிறான்? பெரும்பாலும் சின்ன வயதிலே வித்து விழுகிறது. இந்தத் துரத்தலுக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிற டேவிட் ஹோட்லி என்பவர், வடக்கு டகோட்டாவில் பிஸ்மார்க் என்ற ஊரில் பள்ளி மாணவன். 1956-ல் அந்த ஊரை ஒரு புயல் தாக்கிற்று. அன்று பிடித்தது விடவில்லை. 1977-ல் புயல் துரத்துகிறவர்களுக்கென்றே ஒரு பத்திரிகையும் ஆரம்பித்துவிட்டார். டிம் சமாரஸ் என்று இன்னொருவர். சுமார் ஆறு வயதில் ஒரு பழைய சினிமாவில் சுழல்காற்றைப் பார்த்தார். கதை போயிற்று, காற்று மட்டும் மனதில் நின்றுவிட்டது.

இது எங்கேயிருந்து வந்தது? யோபு 37-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எலிகூ இடிமுழக்கத்தைக் கேட்கிறான். நெஞ்சு துடித்து, இருந்த இடத்தைவிட்டுத் துள்ளுகிறது என்கிறான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தானா? இல்லை. "நீங்களும் கேளுங்கள்" என்று மற்றவர்களைக் கூப்பிடுகிறான். அடுத்த அதிகாரத்தில் கர்த்தர் யோபுவோடு பேசுகிறார். எதற்குள் இருந்து? பெருங்காற்றுக்குள் இருந்து!

பெரியதைக் கண்டால் நடுங்கும்படி நம் இருதயம் உண்டாக்கப்பட்டிருக்கிறது, பிரியமானவர்களே. நாம் தினமும் பார்ப்பது என்ன? கரண்ட் பில், பஸ் கூட்டம், ரேஷன் கடை வரிசை. எல்லாம் மனுஷன் அளவுக்கு உள்ளது. புயலோ மனுஷனுடைய அளவுக்கு மிஞ்சினது. அதன் முன்னே நின்றால் மேனேஜரும் பியூனும் ஒரே உயரம்தான். அதனால்தான் ஜனங்கள் போகிறார்கள். கையாலே தடுக்க முடியாத, காசாலே வாங்க முடியாத ஒன்றைப் பார்க்க உள்ளம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்தை வைத்தவர் தேவன். சிலிர்ப்பது பாவமல்ல. சிலிர்ப்போடு நின்றுவிடுவதுதான் ஆபத்து.

யோவான் ஸ்நானகனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாய் வனாந்தரத்துக்குப் போன ஜனங்களை இயேசு என்ன கேட்டார்? அங்கே எதைப் பார்க்கப் போனீர்கள், காற்றில் ஆடுகிற நாணலையா என்று கேட்டார். போனது தப்பு என்று சொல்லவில்லை. எதற்குப் போனீர்கள் என்று கேட்டார்.

2. அனுபவம் கேடகமல்ல

அந்த டிம் சமாரஸ் வேடிக்கைக்காரர் அல்ல. பொறியாளர். சுழல்காற்றின் பாதையில் தரையோடு தரையாய்க் கிடக்கிற ஒரு கருவியைத் தாமே செய்தார். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவில் மான்செஸ்டர் என்ற சிற்றூரைச் சுழல்காற்று அழித்தபோது, அதன் வழியிலே கருவியை வைத்துவிட்டு விலகினார். காற்று அதன்மேல் ஏறிப் போயிற்று. காற்றழுத்தம் 100 மில்லிபார் இறங்கினதை அந்தக் கருவி பதிவு செய்தது. அதுவரை ஒருவரும் அப்படி அளந்ததில்லை. துரத்துகிறவர்களுக்குள்ளே ரொம்ப ஜாக்கிரதையானவர் என்று பேர் எடுத்தவர்.

2013 மே 31. ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்ற ஊர். பதினொரு நாளைக்கு முன்புதான் பக்கத்து மூர் பட்டணத்தில் சுழல்காற்றில் 24 பேர் மாண்டிருந்தார்கள். எல் ரீனோவில் இறங்கின காற்றோ சில நிமிடங்களுக்குள்ளே பெருத்தது. அகலம் 4.2 கிலோமீட்டர்! இதுவரை அளக்கப்பட்டவைகளில் இதுவே அகலமானது. அதோடு நிற்காமல் திடீரென்று திசை மாறிற்று, வேகமும் கூடிற்று. சமாரஸும், அவருடைய 24 வயது மகன் பாலும், கூட வேலை செய்த கார்ல் யங்கும் ஒரே காரில் இருந்தார்கள். மூன்று பேரும் அன்று பிழைக்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவம். கருவிகள். ஜாக்கிரதை. எல்லாம் இருந்தது. காற்றுக்கு அவர் யார் என்று தெரியவில்லை.

மாற்கு 4-லே படகில் இருந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். அதில் சிலர் அந்தக் கடலிலேயே மீன் பிடித்து வளர்ந்தவர்கள். ஒவ்வொரு அலையும் தெரியும். ஆனாலும் படகில் தண்ணீர் நிரம்பினபோது அவர்கள் அனுபவம் உதவினதா? தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பத்தான் ஓடினார்கள். அவர் அதட்டினார், அடங்கிற்று. இங்கே ஒரு விசேஷம் கவனியுங்கள். அடங்கின பிறகுதான் சீஷர்கள் அதிகமாய்ப் பயந்தார்கள்! அதுவரை அவர்கள் கண் புயல்மேல் இருந்தது. இப்போது புயலுக்கு எஜமான் மேல் திரும்பிற்று. அல்லேலூயா! நம்முடைய சிலிர்ப்பு போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான்.

3. ஒரே புயல், இரண்டு விதமான கண்கள்

1943 ஜூலை 27. டெக்சாஸ் கரையை ஒரு பெரும் புயல் நெருங்கிற்று. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜோசப் டக்வொர்த் என்ற ராணுவ அதிகாரி, ஒரு பந்தயப் பேச்சின்பேரில், ஒற்றை என்ஜின் பயிற்சி விமானத்தில் புயலின் நடு மையத்துக்குள்ளேயே பறந்து போய்த் திரும்பினார். வெறும் வீராப்புதான். ஆனால் இறங்கினவுடனே வானிலை அதிகாரி "என்னையும் கொண்டுபோங்கள்" என்றார். அன்றைக்கே அவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடியும் போனார். முதல் தடவை பந்தயத்துக்கு, இரண்டாம் தடவை அறிவுக்கு. இன்றைக்கு அமெரிக்கக் கரையை நோக்கிப் புயல் வந்தால் விமானங்கள் அதற்குள் நுழைந்து, கருவிகளைக் கீழே போட்டு, காற்றின் பலத்தை அளந்து சொல்லுகின்றன. அதைக் கேட்டு ஜனங்கள் இடம் பெயருகிறார்கள்.

சமவெளியிலும் அப்படியே. பூமி உருண்டை ஆனபடியால், தூரத்திலுள்ள ராடாருக்குத் தரையை ஒட்டி நடப்பது தெரியாது. அதற்கு மனுஷக் கண் வேண்டும். அதனால் சாதாரண ஜனங்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. மேகம் சுற்றுவதைக் கண்டவுடனே தகவல் சொல்லவேண்டும். எச்சரிப்பு கிடைத்தபின் ஜனங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள்ளே தாய் தன் பிள்ளைகளை நிலவறைக்குள் இறக்கிவிடுவாள்.

பார்த்தீர்களா? ஒருவன் நிற்கிற அதே ரோட்டோரத்தில் இன்னொருவனும் நிற்கிறான். அதே மேகம், அதே சிலிர்ப்பு. ஒருவன் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். மற்றவன் ஒரு பட்டணத்தை எழுப்புகிறான். எசேக்கியேல் 33-ல் கர்த்தர் சொல்லுகிற காவற்காரன் இவனே. பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடத்தில் அந்த இரத்தப்பழி கேட்கப்படும். ஏன்? அவன் பார்க்காமலா இருந்தான்? பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அதுதான் அவனுடைய குற்றம்.

4. அடியேனுடைய சாட்சி

இப்போது என் விஷயம். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையை நோக்கி வந்த நாள். வட சென்னையில் எங்கள் சபைக்குப் பக்கத்துத் தெருவிலே ஒரு வயதான விதவைத் தாயார், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் தனியாக இருந்தார்கள். முந்தின நாள் ஆராதனை முடிந்து, "காலையில நானே வந்து உங்களைச் சபை ஹாலுக்குக் கூட்டிட்டுப் போறேன்மா" என்று சொல்லியிருந்தேன்.

காலையில் எழுந்தேன். சின்ன வயதிலிருந்தே புயல் என்றால் எனக்கு ஒரு இழுப்பு உண்டு. "ஒரு பத்து நிமிஷம்" என்று மொட்டை மாடிக்குப் போனேன். வானம் ஓடுகிற ஓட்டம், தென்னை மரம் தலைவிரித்து ஆடுகிற ஆட்டம்! போனை எடுத்து வீடியோ பிடித்தேன். பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று. அப்புறம் தெருவில் காலை வைக்க முடியாத காற்று.

மத்தியானத்துக்கு மேல் சட்டென்று எல்லாம் நின்றது. மழை விட்டது, வெளிச்சம் வந்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்து விழுந்த மரங்களைப் பார்த்தார்கள். நானும் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், முடிஞ்சது" என்று உட்கார்ந்து, எடுத்த வீடியோவை நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அது முடிவல்ல, பிரியமானவர்களே. புயலின் கண் எங்கள்மேல் நின்றது, அவ்வளவுதான். பெரிய புயலின் நடுவிலே காற்றில்லாத ஒரு வட்டம் உண்டு. அது கடந்து போனால் மறுபாதி எதிர்த் திசையிலிருந்து வரும். அப்போஸ்தலர் 27-ல் பவுலை ஏற்றிப்போன கப்பல்காரரும், தெற்கேயிருந்து மெதுவான காற்று வந்தவுடனே நினைத்தது கைகூடிற்று என்று நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். பிறகு யூரோக்கிலிதோன் வந்தது. பவுல் முன்னமே சொல்லியிருந்தார், கேட்கவில்லை. எனக்கும் அந்த அமைதி ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட கொடுக்கப்பட்டது. ஐந்து நிமிஷ நடை. நான் போகவில்லை.

எதிர்க்காற்று அடித்தபோது அந்த அம்மாவின் கூரை பறந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததனால் உயிர் தப்பினார்கள். வலது கை முறிந்திருந்தது. ராத்திரி ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ சொல்லியிருக்கிறான் போல. அந்தத் தாயார் குத்தலாய் அல்ல, குழந்தை மாதிரி கேட்டார்கள்: "பாஸ்டர், மாடியில இருந்து பாத்தீங்களாமே, எப்பிடி இருந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கினவன் நான். எசேக்கியேல் 33-ஐ எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன்! அன்றைக்கு அந்த அதிகாரம் என்னைப் பிரசங்கித்தது. வீடியோவை அழித்துவிட்டேன். அந்தக் கை ஒழுங்காய்க் கூட எட்டு மாதம் ஆயிற்று. அந்தத் தாயார் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் என்னை அதிகமாய் உடைத்தது.

5. கூட்டங்களைத் துரத்துகிற நமக்கு

இதை ஏன் எழுப்புதல் பத்திரிகையில் எழுதுகிறேன்? நம் நடுவிலும் புயல் துரத்துகிறவர்கள் உண்டு. எங்கே பலத்த அசைவு, எங்கே அதிக சத்தம், எங்கே ஜனங்கள் விழுகிறார்கள் என்று ஒரு கன்வென்ஷனிலிருந்து அடுத்த கன்வென்ஷனுக்கு ஓடுகிறோம். சிலிர்க்கிறோம், அழுகிறோம், வீட்டுக்கு வந்து "என்ன அபிஷேகம்!" என்கிறோம். பக்கத்துத் தெருவிலே கூரை ஆடிக்கொண்டிருக்கிறது.

எலியா ஓரேபிலே பெருங்காற்றைப் பார்த்தான், பூமி அதிர்வதைப் பார்த்தான், அக்கினியைப் பார்த்தான். கர்த்தர் அவைகளில் இல்லை என்று 1 இராஜாக்கள் 19 சொல்லுகிறது. கடைசியில் மெல்லிதாய் ஒரு சத்தம் வந்தது. அது என்ன சொல்லிற்று? "இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்" என்றா? இல்லை. இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டது. திரும்பிப் போ என்று அனுப்பிற்று. செய்யவேண்டிய வேலையையும், பார்க்கவேண்டிய ஆட்களின் பேரையும் கொடுத்தது. மெய்யான எழுப்புதலுக்கு அடையாளம் இதுவே: அது உன்னை ஒரு வீட்டு வாசலுக்கு அனுப்பும்.

அருமையான சகோதரனே, சகோதரியே, நீ போவதாய்ச் சொல்லிப் போகாத வீடு எது? இப்போது உன் வாழ்க்கையில் காற்று நின்றிருக்கிறதா? அது முடிவா, அல்லது புயலின் கண்ணா? எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து நிமிஷ நடைக்கு இப்போது நேரம் இருக்கிறது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ.

ஜெபிப்போமா?

பரலோகப் பிதாவே, பெரியதைக் கண்டு நடுங்குகிற இருதயத்தை எங்களுக்குக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். அந்த நடுக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்து, உமக்குக் கொடாமற்போனோம்; மன்னியும். பார்த்துவிட்டுச் சும்மா இருந்த எங்கள் கண்களை மன்னியும். நீர் அனுப்புகிற வாசலுக்கு இன்றைக்கே போகப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.