கூப்பிட்டவர்க்கெல்லாம் செவி கொடுத்தல் வேண்டுமோ?

குளுவாங் நகரை அடுத்த குடியிருப்பொன்றில் எமக்குத் தெரிந்த மூதாட்டியார் ஒருவர் வாழ்கின்றார். இளமையில் பால்மரம் சீவியவர்; தோட்டம் செம்பனைக்கு மாறியபின் மகனோடு பட்டணம் புகுந்தவர். அவருடைய கைத்தொலைபேசிக்கு நாள்தோறும் நாலைந்து அழைப்புகள் வரும். கடன் வேண்டுமா, காப்புறுதி வேண்டுமா, தண்ணீர் வடிகட்டி வேண்டுமா என்று முன்பின் அறியாத குரல்கள் கேட்கும். அம்மையார் எதனையும் வாங்கார்; ஆயினும் பேச்சை இடையில் அறுக்கவும் மாட்டார். "வாசலில் வந்து நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்தலாமா, தம்பி?" என்பது அவர் எம்மிடம் கேட்ட வினா.

மகன் பொறுமை இழந்தான். பெயர் பதியப்படாத எண் எதுவும் ஒலிக்காதவாறு தாயின் தொலைபேசியை அமைத்துவிட்டான். வீட்டில் அமைதி உண்டாயிற்று. மூன்றாம் வாரம், கண் சிகிச்சைக்குரிய நாள் மாறியதைத் தெரிவிக்க மருத்துவமனையினின்று வந்த அழைப்பும் அந்த அமைதியிலேயே அமிழ்ந்தது. அம்மையார் பழைய தேதியில் பேருந்தேறிப் போய், வெறுங்கையோடு திரும்பினார்.

இவ்விருவரில் யார் செய்தது சரி? ஆராய்வோம்.

தாயின் வழக்கம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அது வேறொரு வாசலுக்காக எழுந்த வழக்கம். துணி மூட்டையைத் தோளிற் சுமந்து வெயிலில் நடந்து வந்தவன் நம் முகத்தைப் பார்த்தான். நாமும் அவன் வியர்வையைப் பார்த்தோம். வேண்டாமென்றால் அடுத்த வீட்டுக்குப் போனான். ஒரு நாளில் அவன் ஏறி இறங்கக்கூடிய படிகளுக்கு ஓர் அளவிருந்தது. இன்றைய விற்பனைக் கூடங்கள் பலவற்றில் நம்மை அழைப்பது மனிதனன்று, எந்திரம். அது ஒரே நேரத்தில் பல எண்களைச் சுழற்றுகிறது. எவர் முதலில் 'ஹலோ' என்கிறாரோ அவரை அங்கே காத்திருக்கும் ஊழியரிடம் சேர்க்கிறது. நாம் எடுத்தவுடன் சிலபொழுது எதிர்ப்புறம் மௌனமாயிருப்பது இதனாலேயே: ஊழியர் எவரும் அந்நேரம் ஓய்வாயில்லை. நடவாமல், வியர்வாமல், நம்மைப் பாராமல் வருபவர் விருந்தினராவரோ?

எனினும் அந்த ஊழியரை நாம் ஏசுதல் தகாது. எழுதிக் கொடுத்த தாளைப் படித்து, நாளொன்றுக்கு இத்தனை அழைப்பு என்னும் கணக்குக்கு அஞ்சி உழைக்கும் கூலியாள் அவர். அந்நாளில் இத்தனை மரம் என்று கணக்குக் கொடுத்த நம் பாட்டிமாரின் நிலைக்கும் இதற்கும் தூரம் மிகுதியன்று. நம் பிள்ளைகளே அந்நாற்காலியில் இருத்தலும் கூடும். வேண்டாமென்று சொல்லி வைத்துவிடலாம்; வசை எதற்கு?

இனி மகன் செய்ததற்கு வருவோம். ஓர் எண்ணைத் தடுத்தால் மறுநாள் வேறோர் எண்ணில் அழைக்கிறார்கள். ஆகவே அவன் எல்லாவற்றையும் தடுத்தான். பூட்டு திருடனுக்கும் விழுந்தது, வைத்தியருக்கும் விழுந்தது. தொல்லை கொடுத்தவர்க்கு நட்டமில்லை, தொல்லைப்பட்டவர்க்கே நட்டம். எம்மை வருத்துவது இதுதான்.

பழைய தோட்டங்களில் லயத்து வீட்டுக்கு யார் வரலாம் என்பதைத் தீர்மானித்தவர் அவ்வீட்டில் குடியிருந்தவரல்லர். வெளிவாயிலைக் கையில் வைத்திருந்த நிருவாகம். தொழிற்சங்கத்தார் நுழைவது அத்துமீறல் எனத் தடுக்கப்பட்டது. வட்டிக்குக் கொடுத்தவரோ சம்பள நாளன்று வந்து அமர்வார். வேண்டியவர் வெளியே, வேண்டாதவர் உள்ளே! அந்த வாசலைக் கடந்து வந்த மக்களுக்குத் தம் செவியின் திறவுகோலேனும் தம் கையில் இருத்தல் வேண்டாமா?

சட்டம் அத்திறவுகோலை மறுக்கவில்லை. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. நேரடி விற்பனைக்காக என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எந்நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்கும் உரிமையை அதன் 43ஆம் பிரிவு தருகிறது. நிறுவனம் கேளாவிடில் ஆணையரிடம் முறையிடலாம். ஆணையர் இட்ட கட்டளையையும் மீறினால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நன்று. ஆனால் நம் மூதாட்டியார் யாருக்கு எழுதுவார்? பெயர் சொல்லாத குரலுக்கு முகவரி ஏது? 2017இல் இந்நாட்டின் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வெளிப்பட்டது. அது நாட்டின் மக்கள்தொகையினும் பெரிய தொகை. யாரிடமிருந்து யாருக்கு நம் எண் போயிற்றென்று எவர் துப்பறிவது?

கடற்பாலத்துக்கு அப்பால் வேறொரு முறை உள்ளது. சிங்கப்பூரில் 2014 ஜனவரி 2 முதல் ஒரு பதிவேடு நடைபெறுகிறது. வேண்டாமென்பவர் தம் எண்ணை ஒருமுறை அதிற் பதிந்தால் போதும். அவர் முன்பே தெளிவாக இசைவு தந்திராவிடில், அந்தப் பதிவேட்டைப் பார்த்து விலகிக்கொள்வது விற்பவன் கடமை. ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் அக்கரை செல்லும் தொழிலாளி, இரு நாட்டு எண்களைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். செவி ஒன்று, நீதி இரண்டு. அம்முறையும் மோசடிக்காரனை நிறுத்தாது. அவன் எந்த ஏட்டையும் பாரான். போலிஸ் என்றும் நீதிமன்றம் என்றும் மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு ஏமாந்தவர், தாமதியாது 997 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும்; அதற்கென்றே 2022இல் தேசிய மையம் அமைக்கப்பட்டது. ஆயினும் நேர்மையான வணிகன் விலகி நின்றால், எஞ்சும் குரல்களை ஐயுறுதல் எளிதாகும்.

சிறு வியாபாரி பிழைக்க வேண்டாமா என்று சிலர் கேட்பர். முறுக்குச் சுடும் அக்காளுக்கு நம் எண்ணை நாமே கொடுத்தோம். அவர் தீபாவளிக்கு அழைத்தால் மகிழ்ச்சியே. ஒரு காரியத்துக்குக் கொடுத்த எண்ணை ஒன்பது காரியத்துக்கு விற்பதே குற்றம். நம்மிடமும் குறையுண்டு. பேரங்காடியில் அதிர்ஷ்டக் குலுக்கல் என்றவுடன் பெயர், எண், அடையாள அட்டை எண் வரை நிரப்பித் தருகிறோமே!

மகன் இப்போது பூட்டைத் தளர்த்தி, மருத்துவமனையின் எண்ணையும் உறவினர் எண்களையும் பெயரிட்டுப் பதிந்திருக்கிறான். மற்றவை ஒலிக்கின்றன. அம்மையார் எடுக்கிறார், "வேண்டாம் அம்மா" என்கிறார், மறுமொழிக்குக் காத்திராமல் வைத்துவிடுகிறார். அவ்வளவுக்கு அவர் இறங்கி வந்தது எமக்கு வியப்பே.